கணினி இல்லாத வீடும் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடமும்

2021 இல் பாடசாலைகள் மூடப்பட்டிருந்த காலத்தில், பதுளை மாவட்டத்தின் லுணுகலையில் பெற்றோர் தம் பிள்ளைகளைக் காட்டினுள் ஏறத்தாழ 30 அடி உயரமான மரக்குடில் ஒன்றுக்கு அழைத்துச் சென்றனர். இணையச் சமிக்ஞை அங்குதான் கிடைத்தது. பசறை, அப்புத்தளை, வெலிமடைப் பகுதித் தோட்டங்களில் வாழும் உங்களுக்கு இது வியப்பளிக்காது.

வீட்டில் கணினி உள்ள மாணவருக்குப் பயிற்சி கூடுதலாகக் கிடைக்கும் என்பதை மறுக்க முடியாது. பாடசாலைக் கணினி அறையிலும் ஒரு கணினியைப் பலர் பகிரும்போது, சாவிப்பலகைக்கு முன் அமர்ந்தவரே பழகுகிறார். பின்னால் நிற்பவர் பார்த்துவிட்டுப் போகிறார். நீங்கள் பின்னால் நிற்பவராயின், அடுத்த முறை உங்களுடையது என ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளத் தயங்காதீர்கள்.

ஆயினும் ஒன்றை அவதானியுங்கள். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் இப்பாடம் எழுத்து மூலமே சோதிக்கப்படுகிறது. வினாத்தாள் I இல் 40 பல்தேர்வு வினாக்கள். வினாத்தாள் II இல் முதலாம் வினா உட்பட ஐந்து வினாக்களுக்கு விடையளித்தல் வேண்டும். பரீட்சை மண்டபத்தில் எவர் முன்னாலும் கணினி இராது. துவித எண் மாற்றம், தர்க்கப் படலைகள், பாய்ச்சற் கோட்டுப்படம் என்பன பென்சிலாலும் தாளாலும் பழகக்கூடியவை. கணினி வைத்திருப்போரும் இவற்றில் புள்ளி இழப்பதுண்டு.

கலைச்சொற்களும் அவ்வாறே. பேச்சில் 'கீபோர்ட்', 'மவுஸ்' என்போம். வினாத்தாளில் சாவிப்பலகை, சுட்டி என வரும். சொல் புரியாமல் தெரிந்த விடையைத் தவறவிடுவது வீண் இழப்பு.

இப்போது ஓர் உதாரணம். ஒரு தோட்டத்தில் நாளொன்றுக்கு 18 கிலோ கொழுந்து குறிக்கப்பட்டுள்ளது எனக் கொள்வோம். அதற்கு மேற்பட்ட கிலோக்களை மட்டும் கூட்டும் பாய்ச்சற் கோட்டுப்படம் தரப்பட்டுள்ளது. 'மேலதிகம்' எனும் மாறியின் ஆரம்பப் பெறுமானம் 0. சாய்சதுரப் பெட்டியில் உள்ள வினா: நிறை 18 இலும் கூடியதா? மூன்று நாள் உள்ளீடுகள் 20, 16, 21.

முதல் நாள்: ஆம், மேலதிகம் 2. இரண்டாம் நாள்: இல்லை, பெறுமானம் மாறாது, 2 ஆகவே இருக்கும். மூன்றாம் நாள்: ஆம், 3 கூடி 5 ஆகும். வருவிளைவு 5.

3 என எழுதுவோர் இரண்டாம் நாளில் 2 ஐக் கழித்தவர்கள். அவர்கள் கணக்கில் தவறவில்லை, 'இல்லை' எனும் பாதையைப் பின்தொடரவில்லை. ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் அட்டவணையில் ஒரு வரி எழுதினால் இத்தவறு நேராது.

நான்காம் நாள் கொழுந்து சரியாக 18 கிலோ. மேலதிகம் எவ்வளவு? சாய்சதுரத்தில் உள்ள வினாவை மீண்டும் வாசித்துவிட்டு விடை எழுதுங்கள்.