முழங்கை உயரத்தில் மேஜை, இடுப்பு உயரத்தில் மூட்டை... சிறு பட்டறைகள் கவனிக்காத முதுகுவலிக் கணக்கு!

மதுரையிலிருந்து திண்டுக்கல் போகும் நான்குவழிச் சாலையில், வலது பக்கம் சிறுமலை கூடவே வரும் இடத்தில் இருக்கிறது வாடிப்பட்டி. பெரியாறு பாசனத்தில் நெல், தோப்புகளில் தென்னை. விளைவதை அரைக்கவும் உரிக்கவும் ஆள் வேண்டும். ரைஸ் மில், தேங்காய்க் களம், வெல்டிங் பட்டறை, லேத் எதுவானாலும், வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்கள் சொல்வது ஒன்றுதான்: ‘இடுப்பு விட்டுப்போச்சு.’

வயசானால் வரும் வலி என்று தைலம் தடவிவிட்டுப் படுத்துவிடுகிறோம். ஆனால், வலிக்குக் காரணம் பல நேரம் வயசு இல்லை, மேஜையின் உயரம்.

வேலைக்காக உடம்பை வளைக்காமல், உடம்புக்கு ஏற்றபடி வேலையை அமைப்பதுதான் ‘எர்கோனாமிக்ஸ்’. இதற்கு ஐ.எஸ்.ஓ. 6385 என்ற தரநிலை 1981-லேயே வந்துவிட்டது. ஏ.சி. ஆபீஸ் நாற்காலி விற்பவர்களின் வார்த்தையாக இது மாறிப்போனதுதான் சோகம். சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1996-ல் வெளியிட்டு, 2010-ல் திருத்திய கையேட்டில் உள்ள 132 யோசனைகளில் பெரும்பாலானவை அதிகச் செலவில்லாதவை.

முதலில் மூட்டை. ஒரு காலத்தில் 75 கிலோ மூட்டையைத்தான் முதுகில் ஏற்றினார்கள். அரசு கொள்முதல் நிலையத்தில் இன்று நெல் மூட்டை 40 கிலோ. அரிசி 25 கிலோ பைக்கு இறங்கியது. 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு ஜி.எஸ்.டி. வந்ததும், 26 கிலோ பை முளைத்தது. வரிக்காக மூட்டையின் எடையை மாற்ற முடிகிறது. முதுகுக்காக யாரும் மாற்றியதாகத் தெரியவில்லை!

அமெரிக்காவின் பணிப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், 1991-ல் போட்ட கணக்கில் உச்ச வரம்பு 23 கிலோ. அதுவும் சுமை உடம்பை ஒட்டி, தரையிலிருந்து சுமார் 75 சென்டிமீட்டர் உயரத்தில், உடம்பைத் திருப்பாமல் தூக்கினால்தான். தரையில் கிடப்பதைக் குனிந்து தூக்கினால் வரம்பு இன்னும் குறையும். அதனால் மூட்டையைத் தரையில் போடாமல் மரப்பலகை மேடையில் அடுக்கினாலே பாதிக் குனிதல் போய்விடும்.

அடுத்து மேஜை. நேராக நின்று, முழங்கையை மடக்குங்கள். சாதாரண வேலைக்குக் கை அந்த உயரத்தில் அல்லது சற்றுக் கீழே இருக்க வேண்டும். நுணுக்க வேலைக்குக் கொஞ்சம் மேலே. அழுத்தித் தட்டும் வேலைக்கு இன்னும் கீழே. உயரமானவருக்கு மேஜைக் காலுக்கு அடியில் கட்டை, குள்ளமானவருக்கு நிற்கப் பலகை. வெளிநாட்டு இயந்திரங்கள் அந்த ஊர் ஆட்களின் உயரத்துக்குச் செய்தவை என்பதால் இது முக்கியம். இந்தியர்களின் உடல் அளவுகளைத் தொகுத்து அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1997-லேயே புத்தகம் போட்டிருக்கிறது. எத்தனை பட்டறைக்கு அது போய்ச் சேர்ந்ததோ!

சட்டம் என்ன சொல்கிறது? ஜவுளிக்கடை ஊழியர்கள் உட்கார வசதி வேண்டும் என்று தமிழக அரசு 2021-ல் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது பலருக்கும் நினைவிருக்கும். நின்றே வேலை பார்க்கும் ஆலைத் தொழிலாளிக்கு அந்த உரிமையை 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 44-வது பிரிவே கொடுத்துவிட்டது. காயப்படுத்தும் அளவுக்குச் சுமை தூக்கச் சொல்லக் கூடாது என்றது 34-வது பிரிவு. சிக்கல் தலைக்கணக்கில்தான். அந்தச் சட்டத்தின்படி, மின்சாரத்தில் இயங்கும் இடத்தில் 10 பேர் இருந்தால்தான் அது ‘தொழிற்சாலை’ ஆனது. அதற்குக் கீழே என்றால், மாநில அரசு தனியாக அறிவிக்க வேண்டியிருந்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்பில் ‘தொழிற்சாலை’ என்பதற்கு 20 பேர் வேண்டும். நாலு பேர் வேலை பார்க்கும் பட்டறையில் ஒரு ஸ்டூல் இருப்பதும் இல்லாததும் முதலாளியின் மனசைப் பொறுத்ததாகிவிடுகிறது.

அந்த முதலாளியும் பெரும்பாலும் அதே லேத்தில் நிற்பவர்தான். அவருக்கு ஒரு யோசனை: வேலை பார்ப்பவர்களிடமே ‘எங்கே அதிகம் குனிகிறீர்கள்?’ என்று கேளுங்கள். அவர்கள் காட்டும் இடத்தில் ஒரு டேப்பைப் பிடித்து அளந்துவிட்டு, பக்கத்துத் தச்சுப்பட்டறைக்கு ஒரு நடை போய்வாருங்கள்.