கோதுமை வயல்களுக்கு நடுவே ஒரு கல் அலை

பெர்த்துக்குச் சுற்றுலா போகும் நம்மவர்கள் பெரும்பாலும் கிங்ஸ் பூங்கா, ஃப்ரீமேண்டல், ரோட்னஸ் தீவு என்று பார்த்துவிட்டு விமானம் ஏறிவிடுகிறார்கள். கடற்கரையை விட்டு உள்நாட்டுப் பக்கம் ஏறத்தாழ 340 கிலோமீட்டர் போனால் ஹைடன் என்ற சிற்றூர் வருகிறது. 'வேவ் ராக்' எனப்படும் அலைப்பாறை அங்கேதான் இருக்கிறது.

காரில் நான்கு மணி நேரம். அங்கும் நம் ஊர் போலச் சாலையின் இடப்பக்கம் ஓட்டுவதால் சிரமமில்லை. ப்ரூக்டன், கோரிகின், கொண்டினின் என ஊர்கள் வந்து போகின்றன. மற்றபடி இருபுறமும் கோதுமை, ஆடுகள், தானியக் கிடங்குகள். கோரிகின் அருகே நாய்களுக்கென்றே ஒரு கல்லறைத் தோட்டம் உண்டு. பிள்ளைகள் அங்கிருந்து கிளம்ப மறுத்துவிட்டார்கள்.

பாறையின் உயரம் சுமார் 15 மீட்டர், நீளம் 110 மீட்டர். படங்களில் பார்த்த பிரம்மாண்டத்தை எதிர்பார்த்து வந்த அம்மா, "இதுக்கா நாலு மணி நேரம்?" என்றார். அடிவாரத்தில் போய் நின்று அண்ணாந்து பார்த்ததும் பேச்சு நின்றுவிட்டது. தலைக்கு மேல் வளைந்து, இதோ விழப்போகிறது என்பதுபோல் நிற்கிறது கல். மழைநீர் வழிந்த தடங்களில் பாசியும் தாதுக்களும் கறுப்பு, காவி, சாம்பல் நிறக் கோடுகளை இழுத்திருக்கின்றன.

இதைக் கடல் செதுக்கியது என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் இது மண்ணுக்கடியில் நடந்த வேலை. 260 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழைமையான கிரானைட் குன்று இது. அதன் மேல் பெய்த மழை அடிவாரத்து மண்ணில் இறங்கித் தேங்கியது. அந்த ஈரம் மண்ணில் புதைந்திருந்த கல்லை மெல்ல மெல்ல அரித்துக் குடைந்தது. பின்னாளில் மண் கரைந்தோட, குடையப்பட்ட வளைவு வெளியே தெரிந்தது.

குன்றின் மேல் ஏறியபோது எனக்குப் பிடித்தது வேறொன்று. பாறையின் விளிம்பை ஒட்டி ஒரு குட்டைச் சுவர் ஓடுகிறது. 1928-இல் கட்டியது. படத்தைக் கெடுக்கிறது என்று சிலர் முகம் சுளிப்பார்கள். ஆனால் இங்கே ஆண்டு மழை சுமார் 340 மில்லிமீட்டர்தான். சிங்கப்பூரில் அதைப்போல் ஆறு மடங்குக்கும் மேல் பெய்கிறது. மழை பெய்தால் குன்று முழுவதும் ஒரு கூரை. சுவர்தான் அதன் பீலி. வழியும் தண்ணீரைத் திருப்பி அணைக்கு அனுப்புகிறது. "நல்ல மூளை" என்று அம்மா அதற்குத்தான் முதல் பாராட்டைக் கொடுத்தார்.

வெள்ளைக்காரர்கள் வருவதற்கு முன்பே இந்த மண்ணின் பூர்வகுடிகளான நூங்கார் மக்களுக்குத் தண்ணீர் தந்ததும் பாறைகள்தான். பாறைக்குழிகளில் தேங்கும் நீர், நம் தமிழில் சொன்னால் சுனை. விலங்குகள் கலக்காமலும் வெயிலில் வற்றாமலும் இருக்க அவற்றைக் கற்பலகையால் மூடி வைப்பார்களாம். இந்தப் பாறைக்கு அவர்கள் வைத்த பெயர் கட்டர் கிச்.

திரும்பும் வழியில் வயல்களுக்கிடையே வெள்ளைத் திட்டுகள். பட்டுப்போன மரங்கள் அதில் எலும்புக்கூடுகளாக நிற்கின்றன. எல்லாம் உப்பு. ஆழ வேர்விட்ட காட்டு மரங்களை வெட்டிக் கோதுமை விதைத்தார்கள். நீரை உறிஞ்ச அந்த வேர்கள் இல்லாததால் நிலத்தடி நீர் மேலேறி, உப்பையும் உடன் கொண்டு வந்துவிட்டது. நாம் சாப்பிடும் கோதுமையில் ஒரு பங்கு ஆஸ்திரேலியாவிலிருந்து வருவது என்பதால், வேடிக்கை பார்த்துவிட்டு மறந்துவிட முடியவில்லை.

அலைப்பாறையிலிருந்து நடந்து போகும் தூரத்தில், கொட்டாவி விடும் நீர்யானை போன்ற 'ஹிப்போஸ் யான்' இருக்கிறது. காரில் சிறிது தூரம் போனால் முல்கா குகை. அதன் சுவர்களில் பூர்வகுடிகள் பதித்த கைத்தடங்களும் ஓவியங்களும் நூற்றுக்கணக்கில் உள்ளன. தொடாமல் பார்க்க வேண்டும்.

போகிறவர்கள் வழியிலேயே பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள். வெயில் காலத்தில் ஈக்கள் மொய்க்கும். வலை வைத்த தொப்பி அசிங்கமாக இருந்தாலும் வாங்கிவிடுங்கள். ஒரே நாளில் போய்த் திரும்பும் எண்ணம் வேண்டாம். அந்தி சாய்ந்தால் கங்காருகள் சாலையில் குறுக்கே பாயும். ஹைடனிலேயே ஓர் இரவு தங்கினால், காலையில் கூட்டம் வருவதற்குள் பாறை முழுவதும் உங்களுக்குத்தான்.