காற்று நின்றால் மேய்ச்சல் இல்லை

அலாஸ்காவின் வடகடலோரச் சமவெளியில் ஜூலை மாத வெயில் கேரிபு மான்களுக்குப் பகை. வெயில் ஏறி, காற்றும் ஓய்ந்துவிட்டால் பரந்து மேய்ந்துகொண்டிருந்த மான்கள் ஆயிரக்கணக்கில் நெருக்கியடித்துத் திரளும். குட்டிகளையும் இழுத்துக்கொண்டு, எதிர்க்காற்று தேடிக் கடல் பக்கம் நகரும். விரட்டுவது ஓநாய் அல்ல, கொசு.

உறைநிலத்தில் பனி உருகிய நீர் கீழே இறங்க வழியில்லை. நிலமெங்கும் குட்டை, குட்டையெங்கும் கொசுப்புழு. ஜூன் தொடக்கத்தில் குட்டிகள் பிறக்கின்றன. அம்மாதக் கடைசியில் கொசுக்கள் கிளம்பிவிடும். வெப்பநிலை சுமார் 7 டிகிரிக்குக் கீழே இறங்கினாலோ, காற்று மணிக்கு 20 கிலோமீட்டரைத் தாண்டினாலோ அவற்றால் பறக்க முடியாது. பனிக்கட்டி மிதக்கும் கடலிலிருந்து வீசும் குளிர்காற்றுதான் மான்களுக்குக் காவல்.

கொசுவை அடுத்து இரண்டு வகை ஈக்கள் வரும். இவை கடிப்பதே இல்லை, ஆனாலும் மான்கள் இவற்றுக்குத்தான் அதிகம் மிரள்கின்றன. ஒன்று கால் மயிரில் முட்டையிடும். புழு தோலுக்குள் புகுந்து முதுகுக்குப் போய், அங்கே மூச்சுவிடத் துளை போட்டுக்கொண்டு குளிர்காலம் முழுக்கத் தங்கிவிடும். இன்னொன்று பறந்தபடியே உயிருள்ள புழுக்களை மூக்குத் துவாரத்தில் பீய்ச்சும். அதனால்தான் மான் மூக்கைத் தரையோடு அழுத்திக் குனிந்து நிற்கிறது, காலை உதறுகிறது, திடீரென்று பித்துப் பிடித்ததுபோல் ஓடுகிறது. பனித்திட்டுகளிலும் சரளை மேடுகளிலும் மணிக்கணக்கில் நிற்கும். புரூடோ விரிகுடா எண்ணெய் வயலில் குழாய்களின் நிழலில்கூட ஒதுங்குவதுண்டு. அங்கெல்லாம் தின்ன ஒரு புல் கிடையாது.

குடிக்கப்பட்ட இரத்தத்தைவிட இந்தப் பட்டினிதான் பெரிய இழப்பு. கோடை அங்கே சில வாரங்களே. அதற்குள் கொழுப்புச் சேராத பெண்மான் இலையுதிர்காலத்தில் சினைப்படாமல் போகலாம். வெயில் கூடக் கூட ஈக்களுக்கு வாய்ப்பான நாட்களும் கூடும்.

2017 கணக்கெடுப்பில் சுமார் 2,18,000 மான்கள் இருந்த போர்க்குபைன் மந்தை, குட்டி போட வரும் இடங்களில் முக்கியமானது ஆர்க்டிக் தேசிய வனவிலங்குப் புகலிடத்தின் கடலோரச் சமவெளி. எண்ணெய்க் குத்தகைக்கு அதைத் திறந்துவிடும் சட்டம் அதே 2017 டிசம்பரில் நிறைவேறியது. இந்த மந்தையை நம்பி வாழும் குவிச்சின் மக்கள் பல ஆண்டுகளாக எதிர்த்து வருகிறார்கள். விவாதத்தில் குட்டி போடும் ஜூன் மாதமே முன்னால் நிற்கிறது. காற்றடிக்கும் கரைக்குத் தடையின்றிப் போய்வரும் ஜூலை வழிகளுக்கும் அதே காப்பு வேண்டும். குட்டி பிறந்த இடத்தை மட்டும் விட்டுவைத்தால், பால் கொடுக்கும் தாய் எங்கே மேயும்?