தில்லிச் செய்தியும் நம்மூர்க் கணக்கும்

தலைநகர்ச் செய்திகளை, "இவை பெரிய இடத்து விவகாரங்கள்" என்று ஒதுக்கிவிடுவது நம் அங்கத்தினர் பலருக்கும் வழக்கமாயிருக்கிறது. அவற்றுட் சில நம் சங்கப் பேரேட்டிலேயே வந்து முடிகின்றன என்பதை மறத்தலாகாது.

ஓர் உதாரணம் காண்போம். 2021-ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில் இறக்குமதிப் பருத்திக்கு வரி விதிக்கப்பட்டது. எல்லாம் சேர்ந்து 11 சதவீதம். மறு ஆண்டு பஞ்சு விலை வெகுவாக ஏறவே, 2022 ஏப்ரல் 14 முதல் அக்டோபர் 31 வரை அவ்வரி நீக்கப்பட்டது. மீண்டும் 2025 ஆகஸ்டு 19 முதல் டிசம்பர் 31 வரை நீக்கப்பட்டது.

இதைப் படிக்கும் நெசவாளர் நூல் விலை இறங்குமென மகிழ்வார். பருத்தி விளைவிப்பவரோ தம் சரக்கு விலை போகுமோவெனக் கலங்குவார். இருவரும் முதலில் நோக்கவேண்டியது தேதியையே. மாசிப் பட்டத்தில் விதைத்த பருத்தி ஆனி, ஆடி மாதங்களில் விற்பனைக்கு வரும். 2022-இல் அது சலுகைக் காலத்திற்குள் அகப்பட்டது. 2025-இலோ அதன் பெரும்பகுதி சலுகைக்கு முன்பே பறிக்கப்படும் பருவத்தது. நெசவாளருக்கும் வரி நீங்கிய மறுநாளே பலன் கிட்டாது. பஞ்சு கப்பலில் வந்து, ஆலையில் நூற்கப்பட்டு, சிட்டமாகிச் சங்கத்தை அடையவேண்டும்.

ஆதலின், இத்தகைய செய்தி வந்த நாளையும், சங்கத்தின் நூல் கொள்முதல் விலையையும், ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்து ஏல விலையையும் வாரந்தோறும் அறிவிப்புப் பலகையில் ஒருங்கே எழுதி வருவோமாக. நூலை எப்போது வாங்குவது, பருத்தியை எப்போது விற்பது என்பதை வதந்தி தீர்மானிக்க விடாது, கணக்கே தீர்மானிக்கட்டும்.