உத்தரவு போட்டது யார்?

ஓசூருக்கு மாற்றல் என்று உத்தரவு வந்தபோது நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். எங்க வீட்டுக்காரர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, "போட்டுட்டாங்க" என்று ஒரே வார்த்தை சொன்னார். மூத்தவள் அப்போது பிளஸ் டூ. அத்தைக்குப் பக்கவாதம் வந்து நாலாவது மாதம். வலது கை, கால் விளங்காமல் படுக்கையில் இருந்தார்கள். பேட்டையிலிருந்து ஓசூர் போக ஒரு முழு ராத்திரி ஆகும். எங்கள் வீட்டைக் கண்ணால்கூடப் பார்த்திராத யாரோ ஒருவர் போட்ட கையெழுத்து, எங்கள் அடுப்பங்கரை வரைக்கும் வந்து நின்றது.

"அவரைப் பாருங்க, இவரைப் பிடிங்க" என்றார்கள். பார்த்தோம். ஒருத்தர் தொகையே சொல்லிவிட்டார். உண்மையைச் சொல்கிறேன், என் கண் வளையலுக்குத்தான் போனது. அவர்தான் வேண்டவே வேண்டாம் என்றுவிட்டார். அன்று ராத்திரி எனக்குச் சுவாமி மேலேயே கோபம். ஊரையே அதிகாரிகள் நடத்துகிறபோது, நீ எதற்கு உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்டேன்.

எதிர்வீட்டு ஆச்சி என்னைப் பார்த்துவிட்டு, "அழுதா ஆர்டர் மாறிருமா பிள்ளே? கிளம்பு, கோயிலுக்குப் போயிட்டு வருவோம்" என்று நெல்லையப்பர் கோயிலுக்குக் கூட்டிப் போனார்கள். வழியெல்லாம் வேதசர்மா கதை. சுவாமி நைவேத்தியத்துக்குக் காயப்போட்ட நெல்லை மழையில் நனையாமல் சுவாமி வேலி கட்டிக் காத்ததால் திருநெல்வேலி என்று பேர் வந்த கதைதான், நமக்குத் தெரியாததா? "என் நெல்லு நனைஞ்சுட்டே ஆச்சி" என்றேன் வெடுக்கென்று. ஆச்சி பதில் பேசவில்லை. பிராகாரத்தில் அறுபத்துமூவர் வரிசையில், கையில் உழவாரப் படையோடு நிற்கும் அப்பர் சுவாமி முன்னால் நிறுத்தினார்கள். "இவரைத் தெரியும். இவரோட அக்காளைத் தெரியுமா?"

திலகவதியார் என்ற பேர் மட்டும்தான் எனக்குத் தெரியும். சேக்கிழார் பெரியபுராணத்தில் சொன்ன கதையை, வாழைக்காய் விலை பேசுகிற குரலிலேயே ஆச்சி சொன்னார்கள்.

திருவாமூரில் புகழனார், மாதினியார் தம்பதிக்குப் பெண் ஒன்று, பையன் ஒன்று. பெண்ணுக்குப் பன்னிரண்டு வயதுகூட நிரம்பவில்லை. கலிப்பகையார் என்ற சேனைத் தலைவருக்குப் பேசி முடித்தாயிற்று. கல்யாணத்துக்கு முன்னால் ராஜா சொன்னான் என்று அவர் வடக்கே யுத்தத்துக்குப் போனார். (அதுவும் ஒரு உத்தரவுதானே!) அதற்குள் அப்பா நோயில் போனார், பின்னாலேயே அம்மாவும் போனார். அடுத்த சேதி, கலிப்பகையார் போர்க்களத்தில் விழுந்துவிட்டார் என்று. உயிரை விட்டுவிடலாம் என்று நினைத்த அக்காளின் காலைக் கட்டிக்கொண்டு தம்பி மருள்நீக்கி அழுதான். அவனுக்காக அவள் இருந்தாள்.

அந்தத் தம்பியும் பெரியவனானதும் சமண சமயத்தில் சேர்ந்து, தருமசேனர் என்று பட்டம் வாங்கிக்கொண்டு போய்விட்டான். அந்தக் காலத்து மதப் பூசலில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. என் மனசு அந்த அக்காளிடமே நின்றுவிட்டது. அவள் கையில் எதுவுமே இல்லை பாருங்கள். கெடிலக் கரையில் திருவதிகை வீரட்டானத்துக்குப் போய், விடியுமுன் வாசல் பெருக்கினாள், சாணமிட்டு மெழுகினாள், பூத்தொடுத்தாள், தம்பியைத் திருப்பிக் கொடு என்று வேண்டினாள். தம்பிக்குச் சூலை நோய் வந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாக அக்காளைத் தேடி வந்தபோது, திட்டாமல் திருநீறு கொடுத்து, கோயிலுக்குள் கூட்டிப் போனாள். பிறகு பல்லவ ராஜா அவரை ஏழு நாள் நீற்றறையில் அடைத்தான், விஷம் கொடுத்தான், யானையை ஏவினான், கல்லோடு கட்டிக் கடலில் போட்டான். கல் மிதந்து திருப்பாதிரிப்புலியூர் கரை சேர்ந்தது என்பது புராணம்.

"அக்கா பெருக்கின வாசலைத்தான் பொறவு தம்பி ஊரூராப் போயி உழவாரத்தால செதுக்கினாரு. நீ உன் வாசலைப் பாரு" என்றார்கள் ஆச்சி.

எனக்கு அப்போது அது பாதிதான் விளங்கியது. என் வாசல் எதுவென்று வீட்டுக்கு வந்ததும் தெரிந்தது. அத்தையை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லையென்றால் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப் புண் வந்துவிடும். கஞ்சி கொடுக்கும்போது தலையணை வைத்து நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும், படுத்தபடி கொடுத்தால் புரையேறி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். விரிப்பில் சுருக்கம் இருக்கக் கூடாது. அவர் ஓசூருக்குக் கிளம்பின அன்றிலிருந்து இதற்கெல்லாம் நானும் மூத்தவளும் முறை வைத்துக்கொண்டோம். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு என் முறை. இரண்டு மணிக்கு அவள் புஸ்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து வருவாள். அத்தை உடம்பில் கடைசி வரை ஒரு புண் வரவில்லை. இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, மறைப்பானேன்!

மாற்றல் ரத்தாகவில்லை. மார்கழியில் ஒரு நாள் அத்தைக்கு மூச்சுத் திணறியது. போனில் சொன்னதும் அவர் கிடைத்த பஸ்ஸில் ஏறிவிட்டார். விடியற்காலை அத்தை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் வந்து சேர்ந்தது, எல்லாம் முடிந்து ஒரு மணி நேரம் கழித்து.

அந்த ஒரு மணி நேரத்தை ஏன் கொடுக்கவில்லை என்று நெல்லையப்பரிடம் இன்னமும் கேட்கிறேன். ஆச்சியிடமும் கேட்டேன். "கலிப்பகையாரும் திரும்பி வரலியே பிள்ளே" என்று மட்டும் சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

மூத்தவளைக் கணக்குப் பட்டம் படிக்க வைத்து ஆசிரியை ஆக்குவது என்பது நாங்கள் போட்டு வைத்திருந்த திட்டம். பரீட்சை முடிந்ததும் அவளே வந்து, "நர்சிங் படிக்கிறேன்மா" என்றாள். இப்போது இரண்டாம் வருஷம். லீவில் வந்தால் ஆச்சியின் ரத்த அழுத்தத்தைப் பார்த்து, ஊறுகாய்க்காக அவர்களோடு சண்டை போடுகிறாள்.

அவர் இன்னும் ஓசூரில்தான். அடுத்த மாற்றல் பட்டியல் இந்த மாதம் வரும் என்கிறார்கள். "அப்பா பேர் இருக்குமாம்மா?" என்று சின்னவள் தினமும் கேட்கிறாள். தெரியாது என்றுதான் சொல்கிறேன். போன தடவை போல யார் வாசலிலும் போய் நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை ஆச்சியோடு கோயிலுக்குப் போக வேண்டும். ஆச்சிக்கு இப்போது முழங்கால் வலி, பஸ் படி ஏற ஒரு கை கொடுக்க வேண்டியிருக்கிறது.