சேர்க்கை முடிவு எப்போது வரும்?

ஹெப்பகோடியில் வாழும் தமிழ் மாணவர் பொறியியல் பயில விரும்பினால், அவர்முன் இரு வாயில்கள் உள்ளன. ஒன்று கர்நாடகம், மற்றொன்று தமிழ்நாடு.

கர்நாடகத்தில் பன்னிரண்டாம் வகுப்பின் இயற்பியல், வேதியியல், கணித மதிப்பெண்களும் பொது நுழைவுத்தேர்வு மதிப்பெண்களும் சரிபாதியாகக் கொள்ளப்பட்டுத் தரவரிசை அமையும். பின்னர் முதலில் வெளியாவது மாதிரி ஒதுக்கீடு. அஃது இறுதி முடிவன்று; அதனைக் கண்டு கல்லூரி விருப்ப வரிசையை மாற்றிக்கொள்ளலாம். அதன் பின்னரே உண்மையான ஒதுக்கீடு சுற்றுச்சுற்றாக வரும்.

தமிழ்நாட்டில் 2007 முதல் மாநில நுழைவுத்தேர்வு இல்லை. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என 200 மதிப்பெண்ணுக்குத் தரவரிசை கணக்கிடப்படும். கலந்தாய்வின் முதற்சுற்றில் உயர்ந்த தரவரிசையினர் முடிவறிவர். ஏனையோர் அடுத்த சுற்றுகளுக்குக் காத்திருத்தல் வேண்டும். தற்காலிக ஒதுக்கீட்டை உரிய நாளுக்குள் உறுதிசெய்யாதவர் அவ்விடத்தை இழப்பர்.

இரு மாநிலங்களின் கால அட்டவணையும் ஒன்றல்ல. ஒன்றில் கட்டணம் செலுத்தும் நாள், மற்றொன்றின் முடிவுக்கு முன்னரே வரக்கூடும். ஆகவே இரண்டின் நாள்களையும் அருகருகே எழுதி வைத்தல் நன்று. வெளிமாநிலத்தில் பயின்ற தமிழ்நாட்டு மாணவருக்குப் பிறப்பிடச் சான்றிதழ் தேவைப்படும். அதனை முடிவு வருமுன்னரே பெற்று வைத்தல் வேண்டும்.

சிந்திக்க: மாதிரி ஒதுக்கீட்டை இறுதி முடிவெனக் கருதும் மாணவர் எதனை இழக்கக்கூடும்?