சமையலறையைச் சீரமைப்பதா, காலி செய்து கட்டுவதா?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்குப் போக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இருப்பதை வைத்துக்கொண்டே அப்கிரேடு செய்வது. மற்றொன்று, எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக இன்ஸ்டால் செய்வது.

கணினியைச் சமையலறையாக நினைத்துக்கொள்ளுங்கள். மேடையும் அலமாரியும் விண்டோஸ். டப்பாக்களில் இருக்கும் பருப்பும் மிளகாய்த்தூளும் உங்கள் ஃபைல்கள். மிக்சியும் கிரைண்டரும் நீங்கள் போட்டுவைத்த மென்பொருள்கள்.

முதலில் அப்கிரேடு. கொத்தனார் வந்ததும் அளவெடுப்பார் அல்லவா? அதுபோல 4 ஜிபி ராம், 64 ஜிபி சேமிப்பிடம், டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதி எல்லாம் இருக்கின்றனவா என்று சோதனை நடக்கும். பிறகு கணினி ரீஸ்டார்ட் ஆகும். அடுப்பு எரியும்போது மேடையை உடைக்க முடியாது. அதனால் ஒரு தற்காலிகக் குட்டி விண்டோஸ் எழுந்து வேலையைக் கையில் எடுக்கும். அது பழைய மேடையைப் பின்கட்டுக்கு நகர்த்தும். சி டிரைவில் ‘விண்டோஸ்.ஓல்டு’ என்ற ஃபோல்டராகக் கிடப்பது அதுதான். பின்பு புது மேடை போடப்படும். கடைசியாக டப்பாக்களும் மிக்சியும் பழைய இடத்துக்கே வந்து சேரும். அதனால்தான் திறந்தவுடன் உங்கள் வால்பேப்பர்கூட அப்படியே இருக்கிறது. பிடிக்கவில்லையென்றால் 10 நாளுக்குள் பழையதற்கே திரும்பலாம்.

ஆனால், அடுக்குபவர் டப்பாவைத் திறந்து பார்ப்பதில்லை. வண்டு விழுந்த ரவையும் கூடவே வரும். என்றோ போட்டு மறந்த மென்பொருள்கள், குழம்பிப்போன செட்டிங்குகள் எல்லாம் அந்த ரவைதான்.

அடுத்து புது இன்ஸ்டால். முதலில் 8 ஜிபி பென்டிரைவில் விண்டோஸை ஏற்றி, அதிலிருந்து கணினியை எழுப்ப வேண்டும். பிறகு பழைய பார்ட்டிஷனை அழிக்க வேண்டும். இப்போது மிஞ்சியிருப்பது நான்கு சுவர்கள்தான். அங்கே புது மேடை வரும். வண்டு இருக்காது; பருப்பும் இருக்காது. மென்பொருள்களை ஒவ்வொன்றாக நீங்களே போட வேண்டும். ஆனால் கேஸ் இணைப்பு உங்கள் பெயரிலேயே இருக்கும். ஏற்கெனவே ஆக்டிவேட் ஆன டிஜிட்டல் லைசென்ஸ் அந்தக் கணினியோடு பிணைந்தது. ஆகவே, அதே பதிப்பைப் போட்டால் பொதுவாகப் புது கீ வாங்கத் தேவையில்லை.

கணினி நன்றாக ஓடிக்கொண்டிருந்தால் அப்கிரேடே போதும். அடிக்கடி உறைகிறது, வைரஸ் புகுந்திருக்கிறது என்றால் புது இன்ஸ்டால்தான் சரி. எதைச் செய்தாலும் முதலில் ஃபைல்களை வெளி ஹார்டு டிஸ்கில் நகலெடுங்கள். அந்த நகலை இன்னொரு கணினியில் திறந்து பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு வேலையைத் தொடங்குங்கள்.